விசாக் கோப்பில் இல்லாத கடற்கரை: ஒரு கோவைக் குடும்பத்தின் ஐஸ்லாந்துப் பயணம் குறித்த நிகழ்வு ஆய்வு

எங்கள் குடும்பத்தினர் ஆறு பேர் 2024 பிப்ரவரி 16 அன்று காலை பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், நுழைந்தோம். அன்று மாலையே ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் சென்று சேர்ந்து, ஒன்பது நாள் தங்கி, 25 அன்று பிராங்க்பர்ட் வழியாகவே சென்னைக்குப் புறப்பட்டோம். என் அப்பாவுக்கு அப்போது வயது 68, அம்மாவுக்கு 63. தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய ஏழு வயது மகள், நான் ஆகியோர் மற்றவர்கள். அப்பாவுக்குப் பதினாறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். பாதங்களில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கோவை மருத்துவர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். பயணத்தின் ஐந்தாம் நாள் அவர் பாதத்தில் ஏற்பட்ட புண்ணே இந்த ஆய்வின் மையம். அது ஆறி இரண்டு ஆண்டு ஆகப்போகிறது. ஆனாலும் அது எங்கிருந்து தொடங்கியது என்று பின்னோக்கிப் பார்க்கும்போது, சென்னையில் விசாவுக்குக் கோப்பு தயாரித்த நாள்களிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

ஏறக்குறைய மூன்று மாதம் நாங்கள் அந்தக் கோப்புக்காக உழைத்தோம். நாங்கள் திரும்பி வருவோம் என்பதற்கும், செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கும் அதில் சான்று இருந்தது. நாங்கள் போய் நிற்கப்போகும் நிலத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அதில் ஒரு தாள்கூட இல்லை. அதை யாரும் கேட்கவும் மாட்டார்கள். விசா கிடைத்துவிட்டால் பயண ஏற்பாடு முடிந்துவிட்டது என்று நினைத்ததே எங்கள் பிழை.

நுழைவுக்கான ஆவணங்கள்

ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு அன்று; ஆனால் 2001 மார்ச் மாதம் முதல் ஷெங்கன் உடன்பாட்டை நடைமுறைப்படுத்தி வருகிறது. எனவே இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களும் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களும் அங்கு குறுகிய காலம் தங்குவதற்கு ஷெங்கன் விசா பெற வேண்டும். அந்த ஒரே விசாவில் இன்றைய நிலையில் 29 நாடுகளுக்குச் சென்று வரலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், பிராங்க்பர்டில் இறங்கினாலும் நாங்கள் ஐஸ்லாந்துக்குத்தான் விண்ணப்பித்தோம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாள்களுக்குக் குறைவாக விடக்கூடாது. முடிவு சொல்வதற்குப் பொதுவாக 15 நாள் ஆகும், சில வேளைகளில் 45 நாள் வரை நீளலாம். நாங்கள் கட்டியபோது பெரியவர்களுக்கான கட்டணம் 80 யூரோ. 2024 ஜூன் 11 முதல் அது 90 யூரோ ஆயிற்று. ஆறு முதல் பதினோரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அதில் பாதி.

முதல் தடங்கல் அப்பாவின் கடவுச்சீட்டில் வந்தது. அது 2024 மே 15 அன்று காலாவதி ஆகவிருந்தது. பிப்ரவரியில் போய் வருவதற்கு மே வரை செல்லும் சீட்டு போதாதா என்று அவர் கேட்டார். ஷெங்கன் பகுதியைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டும் என்பது விதி. நாங்கள் வெளியேறும் நாள் பிப்ரவரி 25. ஆகவே மே 25 வரை தேவை. பத்து நாள் குறைந்ததற்காகப் புதிய கடவுச்சீட்டு எடுக்க வேண்டியதாயிற்று. பெரியவர்களின் கடவுச்சீட்டு பத்து ஆண்டு செல்லும், குழந்தைகளுடையது ஐந்தே ஆண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தம்பி மகளுடையதை நல்லவேளையாக முந்தைய ஆண்டே புதுப்பித்திருந்தோம். விசா ஒட்டுவதற்கும் முத்திரை வைப்பதற்கும் இரண்டு வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும்.

இரண்டாவது தடங்கல் நம் ஊர்க்காரர்களுக்கே உரியது. அப்பாவின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. அவர் பெயர் மட்டுமே உண்டு. விமானச் சீட்டு எடுத்த முகவர் அந்த இடத்தில் பெயரையே இரண்டாம் முறை போட்டிருந்தார். காப்பீட்டுச் சான்றிதழில் முன்னெழுத்துடன் பெயர் இருந்தது. விடுதி முன்பதிவில் என் தாத்தாவின் பெயர் முழுவதுமாக விரிந்து அப்பாவுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. ஒரே மனிதருக்கு நான்கு தாள்களில் நான்கு பெயர்கள். முன்னெழுத்து என்றால் என்ன என்பதை நமக்குள் விளக்கத் தேவையில்லை. ஆனால் கோப்பைப் பரிசீலிக்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு அது ஐயத்துக்கு இடமளிக்கும். கடவுச்சீட்டில் எப்படி அச்சிடப்பட்டிருக்கிறதோ அப்படியே மற்ற எல்லாத் தாள்களிலும் பெயரை மாற்றி வாங்க இரண்டு வாரம் பிடித்தது.

மூன்றாவது, காப்பீடு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அவசரச் சிகிச்சை, மருத்துவமனையில் சேர்த்தல், உடல்நிலை காரணமாகத் தாயகத்துக்கு அனுப்புதல், இறப்பு நேர்ந்தால் உடலைக் கொண்டுவருதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்க வேண்டும். எங்கள் முகவர் பிப்ரவரி 16 முதல் 24 வரை காப்பீடு எடுத்திருந்தார், ஏனெனில் ஐஸ்லாந்தில் இருக்கும் நாள்கள் அவ்வளவே. விண்ணப்ப மையத்தில் இருந்த பெண் ஊழியர் விமானச் சீட்டையும் காப்பீட்டுத் தாளையும் மேசைமேல் அருகருகே வைத்து, 25 என்ற தேதியின் மேல் பேனா முனையை வைத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். பிராங்க்பர்டில் ஒரு விடுதியில் கழிக்கவிருந்த அந்தக் கடைசி இரவும் ஷெங்கன் பகுதியில்தானே கழிகிறது. நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டுமே கணக்கில் சேரும். எங்கள் தங்கல் ஒன்பது நாள் அன்று, பத்து நாள்.

இந்த நாள்கணக்கில் இன்னொரு குழப்பமும் உண்டு. விசா ஒட்டுத்தாளில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று ஒரு வரி இருக்கும். எத்தனை நாள் தங்கலாம் என்று வேறொரு எண் இருக்கும். தேதிகளின் இடைவெளி பொதுவாக நாள் எண்ணிக்கையைவிட அதிகமாக இருக்கும். அந்த இடைவெளி முழுவதும் தங்கலாம் என்று நினைத்துத் திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் அடுத்த விசாவுக்குப் போகும்போது சிக்கிக்கொள்கிறார்கள். பலமுறை நுழையும் விசா வைத்திருந்தாலும், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது.

நாங்கள் சென்றபோது இல்லாத ஒன்று இப்போது வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கடவுச்சீட்டு முத்திரைக்குப் பதிலாக நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. முகத்தைப் படம் பிடித்துப் பதிவு செய்கிறார்கள். கைரேகை விசா விண்ணப்பத்தின்போதே பெறப்பட்டிருக்கும். நாள்கணக்கை இனிக் கணினியே வைத்திருப்பதால், மங்கிய முத்திரையைக் காட்டித் தப்புவதற்கு வழியில்லை. எட்டியாஸ் என்று அழைக்கப்படும் முன்அனுமதியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது விசா தேவைப்படாத நாட்டவருக்கானது. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். விசா எடுத்துச் செல்லும் நமக்கு அது பொருந்தாது. லண்டன் வழியாகச் செல்லத் திட்டமிடுகிறவர்கள் ஷெங்கன் விசா பிரிட்டனில் செல்லாது என்பதை மனத்தில் வைத்து, அங்கு விமானம் மாறுவதற்கே தனி விசா வேண்டுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எல்லைச் சோதனை கெஃப்லாவிக்கில் நடக்கவில்லை, பிராங்க்பர்டில் நடந்தது. முதலில் கால் வைக்கும் ஷெங்கன் நாட்டிலேயே கேள்விகள் முடிந்துவிடும் என்பதால், ஐஸ்லாந்துத் திட்டத்தை ஜெர்மன் அதிகாரிக்கு விளக்க வேண்டியிருந்தது. அங்கே வரிசை இரண்டாகப் பிரிந்து, தாள்கள் அனைத்தும் தம்பியிடம் இருக்க, அம்மா வேறொரு வரிசையில் வெறுங்கையுடன் நின்றார். எங்கே போகிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார். எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்றபோது என்னைத் தேடித் திரும்பினார். அதிகாரி பொறுமையானவர், காத்திருந்தார். இருந்தாலும், ஒவ்வொருவர் கையிலும் அவரவர் தாள்களின் ஒரு பிரதி இருந்திருந்தால் அம்மா அந்த ஐந்து நிமிடம் தவித்திருக்க மாட்டார்.

போவதா, வேண்டாமா

புறப்படுவதற்கு எட்டு நாள் முன்பு, பிப்ரவரி 8 அன்று, ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் மீண்டும் எரிமலை வெடித்தது. 2023 டிசம்பர் முதல் கணக்கிட்டால் அது மூன்றாவது வெடிப்பு. கிரிண்டாவிக் என்ற மீனவர் ஊரை 2023 நவம்பர் 10 அன்றே காலி செய்துவிட்டார்கள். 2024 ஜனவரியில் எரிமலைக்குழம்பு அந்த ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. பிப்ரவரி வெடிப்பில் குழம்பு சுடுநீர்க் குழாயின் மேல் ஓடி அதை உடைத்ததால், விமான நிலையம் அமைந்துள்ள பகுதி உட்படத் தீபகற்பத்தின் வீடுகள் கடும் குளிரில் வெந்நீரும் வெப்பமும் இல்லாமல் கிடந்தன. கோவையில் உறவினர் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, டிக்கெட்டை ரத்து செய்துவிடச் சொன்னார்கள்.

ரத்து செய்யாதது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். 2010 ஏப்ரலில் ஏயாஃபியாட்லயோகுல் எரிமலை பனிப்பாறைக்கு அடியிலிருந்து வெடித்தபோது, உருகிய நீரும் குழம்பும் மோதி நுண்ணிய சாம்பல் வானுயரக் கிளம்பியது. ஐரோப்பாவின் விமானப் போக்குவரத்து பல நாள் முடங்கியது. ரெய்க்யானெஸில் நடப்பது அதுவன்று. அங்கே தரையில் நீண்ட பிளவு திறந்து குழம்பு வழிகிறது. சாம்பல் மிகக் குறைவு, விமானங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆபத்து அந்தப் பிளவுக்கு அருகிலும், காற்று வீசும் திசையில் பரவும் கந்தக டை ஆக்சைடு வாயுவிலும் இருக்கிறது. எங்களில் ஆஸ்துமா உள்ளவர் யாரும் இல்லை. இருந்திருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும். எங்கள் வழி தெற்குக் கடற்கரையை ஒட்டிக் கிழக்கே செல்வது. முதல் இரவுக்குத் தீபகற்பத்தில் எடுத்திருந்த விடுதியை மட்டும் தலைநகர் ரெய்க்யாவிக்குக்கு மாற்றினோம். எங்கள் காப்பீட்டில் பயண ரத்துக்கு இழப்பீடு உண்டு என்று அச்சிட்டிருந்தது. ஆனால் காப்பீடு எடுக்கும் முன்பே வெளியில் தெரிந்திருந்த நிகழ்வுகளுக்கு அது பொருந்தாது என்ற வரி ஏழாம் பக்கத்தில் இருந்ததை அப்போதுதான் படித்தோம். டிசம்பர் வெடிப்புக்குப் பின் ஜனவரியில் எடுத்த காப்பீடு எங்களுடையது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எரிமலைக்காக நாங்கள் எட்டு நாள் படித்தோம், விவாதித்தோம், திட்டத்தை மாற்றினோம். அலைக்காகவும் காற்றுக்காகவும் எட்டு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. அந்த நாட்டில் பயணிகளைக் காவு வாங்கியவற்றில் எரிமலையைவிடக் கடலும் சாலையும் குளிரும் முன்னே நிற்கின்றன. 2018 டிசம்பர் 27 அன்று, நூப்ஸ்வோட்ன் ஆற்றின் ஒற்றைத்தடப் பாலத்திலிருந்து ஒரு வாகனம் விழுந்து, பிரிட்டனிலிருந்து வந்திருந்த இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் இறந்தார்கள். எங்களைப் போலவே ஒரே வாகனத்தில் கூட்டமாகச் சென்ற குடும்பம் அது. 2020 ஜனவரியில் சோல்ஹெய்மாசாந்துரில் கிடக்கும் பழைய விமானத்தைப் பார்க்க நடந்துபோன இரண்டு இளம் சீனப் பயணிகள் வெட்டவெளியில் இறந்து கிடந்தார்கள். நாங்கள் திரும்பி வந்த பிறகு, 2024 ஆகஸ்டில், ப்ரெய்தாமெர்குர்யோகுல் பனிப்பாறையில் வழிகாட்டியுடன் சென்ற குழுவின் மேல் பனி இடிந்து விழுந்து ஒருவர் உயிரிழந்தார். குற்றங்கள் மிகக் குறைந்த நாடு என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அது உண்மைதான். அங்கே மனிதரிடமிருந்து வரும் ஆபத்து சிறிது; நிலமும் கடலும் வானிலையும் கொண்டுவருவது பெரிது.

ஐந்தாம் நாள்

வாகனம் வாங்கிய இடத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 135 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு அங்கு தனி இருக்கை கட்டாயம். நாங்கள் அதை முன்பதிவு செய்யாததால் ஒரு மணி நேரம் காத்திருந்து வாங்கினோம். தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமம் ஆங்கில எழுத்தில் இருப்பதால் சிக்கல் எழவில்லை. என்றாலும் தம்பி சர்வதேச அனுமதியும் எடுத்து வந்திருந்தான். வாடகை ஒப்பந்தத்தில் எல்லாம் அடங்கிய காப்பீடு என்று எழுதியிருந்தது. காற்றில் கதவு பிய்ந்தால் அதில் அடங்காது என்று முகப்பில் இருந்த இளைஞர் தானாகவே எடுத்துச் சொன்னார். வாகனத்தின் மூக்கைக் காற்றுக்கு எதிரே நிறுத்துங்கள், கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திறங்கள் என்று தம்பியை ஒருமுறை செய்துகாட்டவும் சொன்னார்.

ஐந்தாம் நாள் காலை வீக் என்ற ஊருக்குப் புறப்படும் முன் வானிலையைப் பார்த்தோம். தெற்குக் கடற்கரைக்கு மஞ்சள் எச்சரிக்கை. அங்கே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற வரிசையில் கடுமை கூடும். காற்றின் வேகம் 20 என்று இருந்தது. "இருபதுதானேக்கா, நம்மூர்ல ஆடி மாசம் அடிக்காத காத்தா?" என்றான் தம்பி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பேச்சு எனக்கும் இயல்பாகத்தான் பட்டது. ஆனால் ஐஸ்லாந்து வானிலைத் துறை காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று தருகிறது. 20 என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர். அதை 3.6 ஆல் பெருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் அன்று அறையிலேயே இருந்திருப்போம்.

ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரை வீக்கிலிருந்து சிறிது தொலைவுதான். வாகன நிறுத்தத்திலிருந்து கடலுக்குப் போகும் வழியில் எச்சரிக்கைப் பலகையும், அன்றைய அலையின் கடுமைக்கேற்ப நிறம் மாறும் விளக்கும் இருக்கின்றன. 2022 ஜூனில் அங்கு ஒருவர் இறந்தபின் அமைக்கப்பட்டது அந்த விளக்கு. நாங்கள் போனபோது அது எரிந்துகொண்டிருந்தது. அதன் அருகே நின்று குழந்தையைப் படம் எடுத்தோம். பலகையில் இருந்ததைப் படிக்கவில்லை.

அப்பா கடலை நோக்கி நடந்தார். அதை நான் அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். மெரினாவிலும் கன்னியாகுமரியிலும் கடலைப் பார்த்தவுடன் போய்க் கால் நனைப்பது நம் கைகால்களில் ஊறிய பழக்கம். கடல் நம்மிடம் வரும், கணுக்காலைத் தொடும், திரும்பிப் போகும். ரெய்னிஸ்ஃபியாராவில் கடல் அப்படி இல்லை. அட்லாண்டிக்கின் பரந்த வெளியில் தடையே இல்லாமல் திரண்டு வரும் அலைகள் செங்குத்தாக இறங்கும் அடித்தரையில் திடீரென எழுகின்றன. பத்துப் பதினைந்து அலைகள் சாதுவாக வந்து போனபின், ஒன்று மட்டும் பல மடங்கு தூரம் மேலேறி வருகிறது. அது திரும்பும்போது காலடியில் உள்ள கூழாங்கல்லையும் சேர்த்து இழுப்பதால் நிற்க முடியாது. அந்த இடத்தில் 2007 முதல் இதுவரை ஆறு பேர் இறந்திருக்கிறார்கள். கடைசியாக 2025 ஆகஸ்டில் ஒன்பது வயதுச் சிறுமி.

அப்பா நின்ற இடம் உலர்ந்திருந்தது. அவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார், அதாவது கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். அலை அவர் முழங்காலுக்கு வந்தது. அவர் விழவில்லை; ஆனால் இரண்டு காலும் ஒரே நேரத்தில் கடலை நோக்கி வழுக்கின, வலக்கை மணலைத் தொட்டது. பக்கத்தில் நின்ற வழிகாட்டி ஒருவர் அவருடைய மேலங்கியின் தொப்பியைப் பற்றி இழுத்து மேட்டில் உட்காரவைத்தார். எல்லாம் ஐந்தாறு நொடிகள்தான். அந்த வழிகாட்டி எங்கள் குழுவைச் சேர்ந்தவர் அல்லர். எங்களைத் திட்டவும் இல்லை. விளக்கைக் கையால் சுட்டிக்காட்டிவிட்டுத் தம் குழுவிடம் போய்விட்டார்.

புண் எப்படி வந்தது

குளிர்ந்த கடல்நீரில் நனைந்ததால் புண் வந்தது என்றுதான் முதலில் நினைத்தோம். உண்மை வேறு. அப்பா ஒரே ஒரு சோடி காலணிதான் கொண்டுவந்திருந்தார். நனைந்த காலுறையைக் கழற்றச் சொன்னபோது, "ஒண்ணுமில்ல கண்ணு, வண்டி சூட்டுல காஞ்சிரும்" என்று முன்னிருக்கையில் உட்கார்ந்து, வாகனத்தின் வெப்பக்காற்றை முழுவேகத்தில் பாதத்தை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டார். பலத்த காற்றில் தம்பி மெதுவாக ஓட்டினான். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. உணர்ச்சி குறைந்த பாதம் அது. சூடு தாங்காமல் காலை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பாதம் அவருக்குச் சொல்லவில்லை. இரவு விடுதியில் நான் காலுறையைக் கழற்றியபோது வலது பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம்; சுற்றிலும் சிவப்பு. அவருக்கு வலியே இல்லை. வலி இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஐஸ்லாந்தில் உயிருக்கு ஆபத்து என்றால் 112. அவசரமில்லாத உடல்நலக் கேள்விக்கு 1700. சாலை நிலவரத்துக்கு 1777. இந்த மூன்று எண்ணும் விசாக் கோப்பில் இல்லை, விடுதியின் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தன. 1700இல் பேசிய செவிலியர் ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார்: காய்ச்சல் உண்டா, சிவப்பு பரவுகிறதா, சர்க்கரை எவ்வளவு, காலணி நனைந்த பிறகு எத்தனை மணி நேரம் ஆயிற்று. சர்க்கரை எவ்வளவு என்று எங்களால் சொல்ல முடியவில்லை. மேலங்கிப் பையில் இருந்த சோதனைக் கருவி கடல்நீரில் நனைந்துவிட்டது. மாற்றுக் கருவி வைத்திருக்கவில்லை. கொப்புளத்தை உடைக்க வேண்டாம், சுத்தமான துணியால் மூடி வையுங்கள், காலையில் சுகாதார மையத்துக்கு வாருங்கள் என்றார்.

மருந்து விஷயத்தில் எங்களுடைய இன்னொரு பிழையும் அன்று இரவு தெரிந்தது. கோவையில் இன்சுலினை வெயிலிலிருந்து காப்பாற்றியே பழகிவிட்டோம். குளிர்ப்பை ஒன்றில் போட்டு வாகனத்தின் பின்பெட்டியிலேயே முந்தைய இரவு விட்டிருந்தோம். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. உருகியபின் பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் அதைப் போடக்கூடாது. கைப்பையில் அம்மா தனியே வைத்திருந்த ஒரு பேனா இருந்ததால் தப்பினோம். குளிர்நாட்டில் இன்சுலினுக்கு ஏற்ற இடம் உடம்புக்கு அருகில் உள்ள உள்பை. பல சோதனைக் கருவிகள் கடும் குளிரில் அளவு காட்ட மறுக்கும் என்பதால் அவற்றுக்கும் அதுவே இடம்.

ஐஸ்லாந்து செல்ல மஞ்சள் காய்ச்சல் போன்ற கட்டாயத் தடுப்பூசி எதுவும் இல்லை. தட்டம்மை உள்ளிட்ட வழக்கமான தடுப்பூசிகள் முடிந்திருந்தால் போதும். குளிர்ந்த குழாய்நீரை அப்படியே குடிக்கலாம். வெந்நீர்க் குழாயில் வருவது பல இடங்களில் பூமிக்கடியிலிருந்து வரும் நீர், கந்தக வாடை அடிக்கும், தோலைச் சுடும் அளவுக்குக் கொதிப்பாக வரும். குழந்தையைத் தனியே கைகழுவ அனுப்பக்கூடாது என்று முதல் நாளே கற்றுக்கொண்டோம்.

மறுநாள் காலை சுகாதார மையத்தில் கொப்புளத்தைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டார்கள். மருத்துவர் நீலப் பேனாவால் சிவப்பின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு வரைந்தார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால், அல்லது காய்ச்சல் வந்தால், எந்த நேரமானாலும் வந்துவிடுங்கள். தாண்டாத வரை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவையில்லை என்றார். நம் ஊராக இருந்தால் ஐந்து நாள் மாத்திரை கையில் வந்திருக்கும். அம்மா இரண்டு முறை கேட்டும் அவர் எழுதித் தரவில்லை. மாத்திரைக்குப் பதிலாக, தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொன்னார். அந்நாட்டுக் காப்பீடு இல்லாதவர்கள் என்பதால் முழுக் கட்டணத்தையும் அங்கேயே அட்டையில் செலுத்தி ரசீது வாங்கினோம்.

திரும்பிய பிறகு

காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்ட கேள்வி, இது சர்க்கரை நோயால் வந்த புண்ணா என்பதுதான். முன்பே இருந்த நோய்க்கு உயிராபத்து நிலையில் மட்டுமே செலவு தருவோம் என்பது அவர்களின் விதி. சுகாதார மையம் கொடுத்த ஒரு பக்கக் குறிப்பில், வெளிவெப்பத்தால் ஏற்பட்ட தீப்புண் என்று காரணம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நாங்கள் எடுத்து வைத்திருந்த நாள்வாரிப் படங்களையும் சேர்த்து அனுப்பினோம். நான்கு மாதமும் இரண்டு கடிதமும் கழித்து, நாமே ஏற்க வேண்டிய முதல் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். தொகை பெரிதன்று. ஆனால் அதே விதியின்கீழ் ஒருவரை உலங்கூர்தியில் ரெய்க்யாவிக் பெருமருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்து, அங்கே பல நாள் தங்கவும் நேர்ந்திருந்தால் எங்கள் குடும்பத்தின் நிலை என்ன என்று நினைத்துப் பார்க்கிறேன். 30,000 யூரோ என்பது விசாவுக்கான குறைந்தபட்சம். நீண்ட நாள் நோயுள்ள பெரியவரை அழைத்துச் செல்கிறவர்கள் அந்த நோயையும் சேர்த்து ஏற்கும் காப்பீட்டைக் கூடுதல் பணம் கொடுத்தாவது எடுக்க வேண்டும்.

அந்நாட்டில் மலையிலும் கடலோரத்திலும் சிக்கியவர்களை மீட்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். தச்சர்களும் ஆசிரியர்களும் வேலையைப் போட்டுவிட்டு வருகிறார்கள். புத்தாண்டுக்குப் பட்டாசு விற்றுத் தங்கள் அமைப்புக்குப் பணம் சேர்க்கிறார்கள். அவர்கள் நடத்தும் சேஃப்டிராவல் தளத்தில் நம் பயணத் திட்டத்தை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். 112 செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் நாம் இருக்கும் இடம் அவசர உதவி மையத்துக்குப் போய்ச் சேரும். இரண்டுக்கும் காசில்லை. இரண்டையும் நாங்கள் செய்யவில்லை. விளக்கைப் பார்த்தும் பலகையைப் படிக்காமல் போன எங்களுக்காக யாரோ ஒரு தச்சர் அந்த அலைக்குள் இறங்கியிருக்க வேண்டிவந்திருக்கும் என்பது, அப்பாவின் புண்ணைவிட என்னை அதிகம் உறுத்துகிறது.

இந்த ஆண்டு என் சித்தி குடும்பம் அங்கே போகிறது. அவர்களுக்காக நான் தயாரித்துக் கொடுத்த இரண்டாவது கோப்பு நான்கே தாள்கள் கொண்டது. முதல் தாளில் மூன்று தொலைபேசி எண்களும் எச்சரிக்கை நிறங்களின் பொருளும், காற்றின் மீட்டர் கணக்கைக் கிலோமீட்டராக மாற்றிய ஒரு சிறு அட்டவணையும் இருக்கின்றன. இரண்டாவது, ஒவ்வொருவரின் நோயும் மருந்தின் வேதிப்பெயரும் ஆங்கிலத்தில் எழுதி மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம். மூன்றாவது, காப்பீட்டில் எவை அடங்காது என்று நானே தமிழில் எழுதியது. நான்காவது தாளில் அப்பாவின் பாதத்தின் ஆறு படங்கள் வரிசையாக இருக்கின்றன. முதல் படத்தில் நீலக்கோட்டை ஒட்டியே சிவப்பு நிற்கிறது. பிப்ரவரி 26 அதிகாலை, சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளுக்காகக் காத்திருந்தபோது எடுத்த கடைசிப் படத்தில் கோடு பாதி அழிந்திருக்கிறது. சிவப்பு அதற்குள் சுருங்கி, கொப்புளத்தின் விளிம்பில் ஒரு மெல்லிய வளையமாக இருக்கிறது.